தங்கவயலின் லைன் வீடுகள்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த இருவர் பெங்களூரிலோ சென்னையிலோ தற்செயலாகச் சந்தித்து, தாம் ஓரூர்க்காரர் என்று அறிந்துகொண்ட மாத்திரத்தில், பெயரைக் கேட்பதற்கும் முன்பாக ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, 'நீங்க எந்த லைன்?' என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். தெருவின் பெயரும் கதவிலக்கமும் முகவரியாக அமைவது மற்ற ஊர்களின் வழக்கம். தங்கவயலிலோ நான்கு தலைமுறைகளாக, லைன்தான் முகவரி. பட்டாளத்துச் சிப்பாய்களுக்கென்று வரிசை வரிசையாகக் குடில்கள் கட்டி, அவற்றுக்கு ஆங்கிலேயர் இட்ட அந்தப் பெயர், பின்னர் தோட்டக் கூலிகளுக்கும் சுரங்கக் கூலிகளுக்கும் கட்டிய குடில்களுக்கும் ஆகி, இலங்கை மலைநாட்டிலும் மலேயாவிலும் 'லயம்' என்று தமிழ் வாயில் உருமாறி, எங்கெல்லாம் தமிழ்க் கூலி கப்பலேறியோ ரயிலேறியோ சென்றானோ அங்கெல்லாம் அவனுடைய வாசஸ்தலத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. சொந்த ஊரைவிட்டு அதிக தூரம் போகாமலே அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் தங்கவயல் ஜனங்கள்.

வேகமாக வளரும் நகரங்களை எவ்வாறு திட்டமிடுவது, அவற்றில் ஏழைக்கு இடம் எங்கே என்ற விசாரம் இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. அந்த விசாரத்தில் இறங்குகிறவர்கள் லாகோஸையும் டாக்காவையும் மும்பையையும் உதாரணம் காட்டுவார்கள். அவற்றுக்கெல்லாம் முன்பே, தென்னிந்தியாவில், பத்தே வருஷங்களில் ஜனத்தொகை ஐந்து மடங்குக்கு மேல் பெருகிய ஒரு நகரம் இருந்தது. அங்கே திட்டமும் இருந்தது, பணமும் இருந்தது, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் ரயிலும் இருந்தன. அவ்வளவும் இருந்தும் அந்த நகரம் என்ன ஆயிற்று என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுடைய காரியமாகும்.

சீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்து, மைசூர் ராஜ்யத்தின் எல்லைகளை அளக்கும் பணி தொடங்கியபோது, அந்தப் பணிக்கென வந்த லெப்டினென்ட் ஜான் வாரன் என்ற ராணுவ உத்தியோகஸ்தர், கோலாருக்குத் தென்கிழக்கே மாரிக்குப்பம், உரிகம் முதலிய கிராமங்களில் ஜனங்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கேள்விப்பட்டு, 1802இல் அங்கே சென்று, மாட்டு வண்டிகளில் மண்ணைக் கொண்டுவரச் செய்து, தம் கண்முன்னே கழுவச் சொல்லிப் பொன்துகளைக் கண்டார். அவர் எழுதிவைத்த குறிப்பு எழுபது வருஷங்கள் உறங்கிக் கிடந்தது. நியூஸிலாந்தில் போர்முனையிலிருந்து திரும்பிப் பெங்களூரில் குடியேறியிருந்த மைக்கேல் லவேல் என்ற ஐரிஷ் சிப்பாய் அதைப் படித்துவிட்டு, மைசூர் சர்க்காருக்கு விண்ணப்பம் போட்டு, 1875இல் இருபது வருஷக் குத்தகை பெற்றார். கையில் முதல் இல்லாத அவர் அந்த உரிமையைச் சில வருஷங்களிலேயே மற்றவர்களிடம் கைமாற்றினார். 1880இல் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் அண்டு ஸன்ஸ் கம்பெனியார் வந்து சேர்ந்தனர். முதலில் நஷ்டமும் ஏமாற்றமுமாகக் கழிந்த முயற்சி, சாம்பியன் ரீஃப் என்று பின்னர் பேர் பெற்ற பொன்பாறை அகப்பட்டதும் தலைகீழாக மாறிற்று. மைசூர் சுரங்கம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று பொன்பாறை ஓடிய திசையிலேயே, வடக்கும் தெற்குமாக ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுரங்கங்கள் எழுந்தன.

பொன்பாறை ஓடிய திசையில்தான் ஊரும் ஓடிற்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் கோயிலைச் சுற்றியும் சந்தையைச் சுற்றியும் வளர்ந்தவை நம்முடைய பழைய ஊர்கள். தண்ணீரும் தெய்வமும் வியாபாரமும் அவற்றின் வடிவத்தைத் தீர்மானித்தன. தங்கவயலின் வடிவத்தைத் தீர்மானித்தது பூமிக்கடியில் கிடந்த ஒரு பாறை. அந்தப் பாறைக்கு நேர் மேலே சாஃப்ட் என்னும் இறங்குகிணறு. அதன் பக்கத்தில் பாறையை இடிக்கும் ஆலை. சங்கு ஊதினால் கேட்கும் தூரத்தில் கூலி லைன். புகையும் இரைச்சலும் எட்டாத மேட்டு நிலத்தில் துரைமார் பங்களா, அதற்கேற்ற தோட்டம், கிளப், கோல்ஃப் மைதானம். இரண்டுக்கும் இடைப்பட்ட உத்தியோகங்களைப் பார்த்த ஆங்கிலோ இந்தியர்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட வீடுகள். ஒருவன் வசிக்கும் வீட்டைப் பார்த்தே அவனுடைய சம்பளத்தையும் வர்ணத்தையும் சொல்லிவிடலாம் என்னும்படியாக அந்த ஊர் வகுக்கப்பட்டிருந்தது.

1891ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் தங்கவயலில் இருந்தவர்கள் 7,085 பேர். 1901இல் 38,204 பேர். இத்தனை ஜனங்களும் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர், ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டு, நிலத்தில் உழைத்தும் நிலமில்லாதிருந்த தாழ்த்தப்பட்ட வகுப்பினர். தாதுவருஷத்துப் பஞ்சம் அந்த ஜில்லாக்களைச் சூறையாடிவிட்டுப் போய் ஒரு தலைமுறைக் காலங்கூட ஆகியிருக்கவில்லை. நந்திமலைப் பக்கத்தில் பிறந்து, தங்கவயலுக்கு அருகே பேத்தமங்கலத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் கீழ்த்திசை செல்வது பாலாறு. அந்த ஆறு இறங்கிய வழியிலேயே எதிர்த்திசையில் ஏறி, அதன் கரைக் கிராமங்களின் ஜனங்கள் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தார்கள் என்று சொன்னால் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பண்ணையாரிடம் பட்ட கடனையும், தெருவில் நடக்கக்கூடாது என்ற கட்டளையையும் பின்னே விட்டுவிட்டு, ரொக்கமாகக் கூலி கிடைக்கும் ஓரிடத்துக்கு வந்தது அவர்களுக்கு ஒருவகையில் விடுதலையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

வந்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது தட்டி வீடு. மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டியே சுவர். மேலே கூரை, பிற்காலத்தில் தகரம். ஏறக்குறைய பத்தடிச் சதுரமான ஒரே அறை. அதிலேயே சமையல், அதிலேயே பிரசவம், அதிலேயே இரவு ஷிப்டு முடித்து வந்தவனின் பகல் தூக்கம். தண்ணீருக்குப் பொதுக் குழாய். மலஜலத்துக்குப் பொதுக் கக்கூஸ். மண்ணிலும் ஓலையிலும் குடிசை கட்டத் தெரிந்த ஜனங்களுக்கு, அந்தத் தட்டி வீட்டைவிட நல்ல வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளத் தெரியாமல் இருந்ததில்லை. கட்டிக்கொள்ள இடந்தான் இருக்கவில்லை. நிலம் கம்பெனியுடையது, தட்டியும் கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும்.

ஆனால் அந்த நகரத்தில் திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பவுரிங்பேட்டை என்று அந்நாளில் வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரையில் ஏறக்குறைய பத்து மைல் தூரத்துக்கு 1894இல் ரயில் வந்துவிட்டது. சுரங்க யந்திரங்களை ஓட்ட விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகாமற் போகவே, காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, 92 மைல் தூரம் கம்பிவழியே கொண்டுவரும் ஏற்பாட்டை, திவான் சேஷாத்திரி ஐயர் காலத்து மைசூர் சர்க்கார் மேற்கொண்டு, 1902 ஜூன் மாதக் கடைசியில் நிறைவேற்றிற்று. அந்நாளில் உலகத்தின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. பெங்களூர் நகரத்தின் தெருவிளக்குகள் மின்சாரத்தால் எரிந்தது அதற்கு மூன்று வருஷங்கள் கழித்து, 1905இல்தான். பாலாற்றின் தண்ணீரைப் பேத்தமங்கலத்து ஏரியில் தேக்கி, வடிகட்டிக் குழாய்வழியே அனுப்பும் நீர்ச்சாலையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏற்பட்டது. சாம்பியன் ரீஃபில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று எழுந்தது. இந்தியாவின் எந்த நகரசபையும் பொறாமைப்படத்தக்க இந்த ஏற்பாடுகளெல்லாம் இருபதே வருஷங்களுக்குள் அமைந்தன என்றால், ஊரை வகுத்தவர்களுக்கு வகுக்கும் வித்தை தெரியவில்லை என்று யார் சொல்வது?

மின்சாரம் முதலில் சென்ற இடம் சுரங்கம், அடுத்தபடி பங்களா. சிவசமுத்திரத்திலிருந்து வந்த கம்பி எந்த லைனின் தலைக்கு மேலே சென்றதோ, அந்த லைனின் தட்டி வீடுகளில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இதை வேண்டுமென்றே செய்த கொடுமை என்று சொல்வதைவிட, திட்டத்தின் தர்க்கம் என்று சொல்வதே பொருந்தும். பூமிக்குள் இறங்கும் கேஜ் என்னும் கூண்டுக்கும், நீரை இறைக்கும் யந்திரத்துக்கும் மின்சாரம் தேவை. அதில்லாவிட்டால் பொன் வராது. தொழிலாளியின் மனைவி இருட்டில் சமைத்தால் பொன்னுக்கு ஒரு குறைவும் இல்லை. எதற்காக நகரம் வகுக்கப்பட்டதோ அதற்கு வேண்டியது யாவும் கிரமமாகக் கிடைத்தன, மற்றவை பொறுத்திருந்தன.

இந்தத் தர்க்கத்தை ஒருகணம் கலக்கியது 1898ஆம் வருஷத்துப் பிளேக். அந்த வருஷத்தில் பெங்களூரையும் தங்கவயலையும் அந்தக் கொள்ளைநோய் பீடித்தபோது, நெரிசலும் அசுத்தமும் ஏழையோடு நின்றுவிடா என்ற உண்மை, எலி மூலமாக, ஆள்வோருக்கு விளங்கிற்று. பழைய பேட்டையின் நெருக்கத்தைக் குறைக்க, பெங்களூரில் பசவனகுடியும் மல்லேசுவரமும் விஸ்தரிப்புகளாக வளர்ந்தன. நேரான வீதிகள், காற்றோட்டம், சாக்கடை, அளந்து விட்ட மனைகள். ஜாதிவாரியாகப் பகுதி பிரித்துக் கொடுத்த குறை அந்தத் திட்டத்திலும் இருந்தது. ஆயினும் மனையை வாங்கியவன் அதன் சொந்தக்காரன் ஆனான். தங்கவயலிலும் அதே நோயின் விளைவாகச் சுரங்கப் பகுதியின் நெரிசலைக் குறைக்கும் பொருட்டுப் புதிய ஊர் ஒன்று கட்டம் கட்டமாக வகுக்கப்பட்டு, அப்போது மைசூரில் பிரிட்டிஷ் ரெஸிடெண்டாக இருந்த ஸர் டொனால்ட் ராபர்ட்சனின் பெயரால் ராபர்ட்சன்பேட்டை ஆயிற்று. வீதிகளின் ஒழுங்கில் அது மல்லேசுவரத்துக்கு இளைத்ததன்று. இன்றும் அந்தப் பேட்டையில் நடந்து செல்கிறவர், குறுக்குத் தெருக்கள் செங்கோணத்தில் சந்திப்பதைக் கண்டு வியப்பார்.

ஆனால் அங்கே குடியேறியவர்கள் யார்? கடை வைத்த வியாபாரிகள், குமாஸ்தாக்கள், லேவாதேவிக்காரர், ஓரளவு கைமுதல் சேர்த்த மேஸ்திரிகள். சுரங்கத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் லைனிலேயே இருந்தனர். தொழிலாளி தூரத்தில் குடியிருந்தால் ஷிப்டுக்கு நேரத்தில் வருவானோ மாட்டானோ; அவன் வீட்டுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்பதைக் கண்காணிக்க இயலாது; பொன்துணுக்கு ஒன்றை மடியில் முடிந்துகொண்டு போனால் தேடிப் பிடிப்பது கடினம். பொன் திருட்டைத் தடுக்கத் தனிச் சட்டமும் காவலும் இருந்த ஊரில், லைன் என்பது வீட்டு வசதியாக இருந்ததோடு காவற்கட்டாகவும் இருந்தது. ஒரே பிளேக், ஒரே சமஸ்தானம். பெங்களூரில் அதனால் மனைக்காரர்கள் உண்டானார்கள், தங்கவயலில் லைன்வாசிகள் லைன்வாசிகளாகவே எஞ்சினார்கள். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் அடுத்த நூறு வருஷங்களின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கண்காணிப்பு லைனோடு நின்றுவிடவில்லை. 1930இல், தொழிலாளிகள் அனைவரும் கைரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஓர் ஏற்பாடு வந்தது. குற்றவாளியிடம் வாங்குவதுபோலத் தங்களிடம் ரேகை வாங்குவதா என்று கொதித்து, சங்கம் என்று சொல்லத்தக்க அமைப்பு எதுவும் ஊன்றியிராத அந்தக் காலத்திலேயே, ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டு எழுந்த கிளர்ச்சிகளைச் சரித்திரம் நிறையக் கண்டிருக்கிறது; மானத்தை முன்னிட்டு எழுந்த இந்தக் கிளர்ச்சி, தங்கவயல் ஜனங்கள் தங்களை யாராகக் கருதினார்கள் என்பதைக் காட்டுவதாயிற்று.

தாங்கள் யார் என்று அவர்கள் அதற்கு வெகு முன்பே சிந்திக்கத் தொடங்கியிருந்தனர். தாழ்த்தப்பட்டவர்கள் ஆதியில் பௌத்தர்களே என்று எடுத்துரைத்த அயோத்திதாச பண்டிதர் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் உறுதியான கிளை ஏற்பட்டது. 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகை பின்னர் 'தமிழன்' என்று வழங்கிற்று. அதைக் காசு கொடுத்து வாங்கி, படிக்கத் தெரிந்தவர் படிக்கத் தெரியாதவர்களைச் சுற்றி உட்காரவைத்து வாசித்துக் காட்டிய இடங்களில் தங்கவயல் லைன்கள் முக்கியமானவை. பண்டிதர் 1914இல் மறைந்தார்; பிற்காலத்தில் அந்தப் பத்திரிகை, அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு, தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை என்ற பதிப்பகம் பண்டிதருடைய எழுத்துகளை நூல்களாக்கி வெளியிட்டது. பத்தடிச் சதுர அறையில், பொன் பிரிக்கும் சயனைட்டின் வாடையில், மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் வளர்ந்த ஒரு ஜனசமூகம், தமிழ்நாட்டின் பெரிய பட்டணங்களுக்கே சிந்தனை கொடுக்கும் நிலையில் இருந்தது. 1954 ஜூலையில் டாக்டர் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தபோது, கேட்க வந்த கூட்டம் அரை நூற்றாண்டுக் காலம் தன்னைத் தானே பயிற்றுவித்துக்கொண்ட கூட்டமாகும்.

தொழிற்சங்கமும் அவ்வாறே அவர்கள் கட்டிய வீடு. கம்பெனி நிலத்தில் கூட்டம் போட இடமில்லாத காலத்தில், அடுத்திருந்த ஆண்டர்சன்பேட்டையும் ராபர்ட்சன்பேட்டையும் கூட்டங்களுக்கு இடம் தந்தன. கம்பெனிக்குச் சொந்தமல்லாத மண் ஓரிரண்டு பர்லாங்கு தூரத்தில் இருப்பது ஒரு தொழிலாளர் நகரத்துக்கு எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை, நகரங்களை வகுக்கிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1946 நவம்பர் 4ஆம் தேதி நடந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர்கள் அறுவர் உயிர் நீத்தனர். அவர்களுடைய நினைவு இன்றுவரை அங்கே அநுஷ்டிக்கப்படுகிறது.

சுரங்கம் தொழிலாளியின் வீட்டைப் போலவே அவனுடைய நெஞ்சையும் குடைந்தது. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து இறுகும் வியாதி உண்டா என்று, 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளிகளிடம் மருத்துவர்கள் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்களிடம் அது காணப்பட்டது. பத்தாயிரம் அடிக்கும் மேலான ஆழத்தில் பாறை அழுத்தம் தாளாமல் வெடிக்கும்போது, கீழே இருப்பவன் நசுங்குவதோடு, மேலே லைன் வீட்டின் சுவரும் அதிர்ந்து விரிசல் விடும். எடுத்த பாறையை அரைத்து, சயனைட் நீரால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண், லைன்களின் அருகிலேயே குவிந்து மலைகளாயிற்று. ஆடிக் காற்றில் அந்தத் தூள் பறந்து, பாத்திரத்திலும் பாயிலும் படியும். 1965இல், உலகத்து விஞ்ஞானிகள் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில், பிரபஞ்சத்தின் மிக நுண்ணிய துகள்களில் ஒன்றான நியூட்ரினோவை, வளிமண்டலத்தில் பிறந்து வரும் நிலையில் முதன்முறையாகக் கண்டறிந்து புகழ் பெற்றார்கள். மேலே, மனிதக் கையால் மலம் அள்ளவேண்டிய கக்கூஸ்கள் லைன்களில் அப்படியே இருந்தன. 2011இல்கூட அந்த ஊரில் மலக்குழியைச் சுத்தம் செய்ய இறங்கிய மூவர் மாண்டனர். நகரம் வகுக்கப்பட்டபோது சாக்கடைக்கு ஒதுக்காத பணம், நூறு வருஷத்துக்குப் பிறகு உயிராக வசூலிக்கப்பட்டது.

இதே காலத்தில் இதே தொழிலால் எழுந்த இன்னொரு நகரத்தோடு தங்கவயலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் 1886இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டதால் எழுந்த ஜோஹானஸ்பர்க்கிலும், சுரங்க மண்மேடுகள் வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பர் பகுதிக்கும் இடையே மதிலாக நின்றன. ஆனால் அங்கே சுரங்கத் தொழிலாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தனி ஆண்களாகப் பெரிய விடுதிகளில் அடைத்து வைத்தார்கள். தங்கவயலில் மனைவியோடும் மக்களோடும் குடியிருக்க விட்டார்கள். அது தயவினால் நேர்ந்ததோ, ஆட்களை நிலையாக வைத்துக்கொள்ளும் யுக்தியினால் நேர்ந்ததோ, அதன் பலன் ஒன்றே: முகாமாகத் தொடங்கியது ஊராயிற்று. மாரியம்மன் கோயிலும் மாதாகோயிலும் பௌத்த விஹாரமும், பள்ளிக்கூடமும் பந்தாட்டக் குழுவும், நாடக சபையும் வாசகசாலையும் தோன்றின. திட்டத்தில் வரையப்படாத இந்த உறுப்புகளே, திட்டம் செத்த பின்னும் ஊரை உயிரோடு வைத்தன.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் ராஜ்ய சர்க்காரின் வசமாகி, 1962இல் மத்திய சர்க்காரிடம் சென்று, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற ஸ்தாபனமாயின. துரைமார் போனார்கள், பங்களாவுக்கு வேறு அதிகாரிகள் வந்தார்கள், லைன் மட்டும் லைனாகவே இருந்தது. தட்டிக்குப் பதிலாகக் கற்சுவர் வந்தது, விளக்கும் வந்தது. நிலம் மட்டும் தொழிலாளிக்கு வரவில்லை. எடுக்கும் பொன்னைவிட எடுக்கும் செலவு மிஞ்சிக்கொண்டே போய், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது வருஷங்களில் 800 டன்னுக்கு மேல் பொன் அந்தப் பூமியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும் என்ற பழைய விதி, ஒரு நகரம் முழுவதின்மேலும் ஒரே நாளில் வந்து நின்றது.

முந்தைய நாள் வரையில் வேலை செய்தவன் மறுநாள் என்ன செய்வான்? விதி நின்றதேயொழிய ஜனங்கள் போகவில்லை. போக வேறு ஊர் அவர்களுக்கு இல்லை. பாலாற்றங்கரைக் கிராமத்தில் பாட்டன் விட்டுவந்த குடிசை எப்போதோ மண்ணாகிவிட்டது. கன்னட நாட்டில் தமிழ் பேசும் ஊர் என்பதால், பேச்சுமொழி ஒரு பக்கமும் ஆட்சிமொழி ஒரு பக்கமுமாக, இரண்டு ராஜ்யங்களுக்கும் தூரத்து உறவினராக அவர்கள் நின்றார்கள். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் நின்றுகொண்டும் தொங்கிக்கொண்டும் பெங்களூர் சென்று, அங்கே கட்டட வேலையும் காவல் வேலையும் கடை வேலையும் கணினி வேலையும் பார்த்துவிட்டு, இரவில் திரும்பிப் படுக்க மட்டும் லைனுக்கு வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். பெங்களூரில் ஒரு குடும்பம் வாடகை கொடுத்து வாழ இயலாத நிலையில், அறுபது மைல் தூரத்திலிருக்கும் இந்தப் பழைய லைன்களே அந்த மாநகரத்தின் தொழிலாளர் குடியிருப்பாகப் பயன்படுகின்றன. மல்லேசுவரத்தில் பிளேக் காலத்தில் மனை வாங்கியவரின் கொள்ளுப்பேரன், அந்த ஒரு மனையாலேயே செல்வனாக இருக்கிறான்; அதே பிளேக் காலத்தில் தட்டி வீட்டில் இருந்தவரின் கொள்ளுப்பேரன், அவனுடைய வீட்டுக்குச் சாந்து பூச ரயிலேறி வருகிறான். இருவருடைய புத்தியிலும் உழைப்பிலும் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடுவது வீண். ஒரு பத்திரத்தில் இருக்கிறது காரணம்.

திட்டமிடாததால் நகரங்கள் கெடுகின்றன என்று நாம் ஓயாமல் கேட்கிறோம். தங்கவயல் அதற்கு நேர்மாறான சாட்சி சொல்கிறது. அங்கே திட்டம் நன்றாகவே இருந்தது. அதில் ஜனங்கள், குழாயையும் கம்பியையும் போலச் சுரங்கத்துக்கு வேண்டிய ஓர் உபகரணமாக எழுதப்பட்டிருந்தார்கள். இன்று கைத்தொழிற்பேட்டைக்கென்றும் துறைமுகத்துக்கென்றும் கணினிப் பூங்காவுக்கென்றும் புதிய நகரங்களை வரைகிறவர்கள், தொழிலாளர் விடுதி என்று வரைபடத்தின் ஓர் ஓரத்தில் எழுதும்போதெல்லாம், பழைய லைனையே புதிய பெயரில் வரைகிறார்கள். தொழில் ஐம்பது வருஷமோ நூறு வருஷமோ இருந்துவிட்டுப் போகும். அதற்கென்று வந்த ஜனங்கள் போகமாட்டார்கள். ஆகையால் முதல் நாளிலேயே அவர்களுக்கு மனை கொடுப்பதும், சாக்கடை கொடுப்பதும், கம்பெனிக்குச் சொந்தமல்லாத ஒரு மைதானம் கொடுப்பதும் தர்மம் என்பதோடு, சிக்கனமுமாகும்.

2024 ஜூன் மாதத்தில், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் 13 சயனைட் மேடுகளில் எஞ்சியிருக்கும் பொன்னைப் பிரித்தெடுக்கும் மத்திய சர்க்காரின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை சம்மதம் தந்தது. அந்த மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் மண் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு டன்னிலும் எத்தனை பொன் என்ற கணக்கும் தயாராக இருக்கிறது. மேட்டைக் கிளறுவதற்கு முன்பாக, அதன் நிழலில் நாலு தலைமுறையாகக் குடியிருப்பவர்களுடைய வீடுகளையும் ஒரு முறை எண்ணி, அவரவர் பெயரில் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மண்ணை எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு மனையை எண்ணுவது கடினமான காரியமன்று.